பாதிக் கடலை மிட்டாய்

எனக்குப் பொறாமை உண்டு. இதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? ஊரில் மாடி வீடு கட்டினவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததில்லை. கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவளைப் பார்த்தும் எரிந்ததில்லை. சோறு சாப்பிட்டு முடித்ததும் ஒரு கடலை மிட்டாயை எடுத்து, பாதி கடித்து, மீதிப் பாதியைக் காகிதத்தில் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து கை கழுவப் போனாளே ஒருத்தி, அவளைப் பார்த்துத்தான் எரிந்தது. அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற பாதையில் எங்கள் வீடு. வீடு இரண்டு, வாசல் ஒன்று. அடுப்பு தனித்தனிதான், ஆனால் மத்தியானச் சாப்பாடு மட்டும் சேர்ந்து. ஆண்கள் இரண்டு பேரும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். அவள் விடிவதற்கு முன்னால் அளத்துக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவாள். நான் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து, பொம்மையார்பாளையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்குப் போவேன். அங்கே சமையல்கட்டில் ராத்திரிச் சாப்பாட்டு வேலை. ஆகவே பன்னிரண்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் வைத்த குழம்பு அவளுக்கு, அவள் வைத்த பொரியல் எனக்கு. சாப்பிட்டதும் இனிப்பு.

இந்த இனிப்பு விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பேன். ஏப்பம்கூட வந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்த கை காய்வதற்குள் நாக்கு ஏதாவது தித்திப்பாகக் கேட்கும். ஒன்று தின்றால் இரண்டு கேட்கும், இரண்டு தின்றால் பொட்டலத்தைக் கேட்கும். எத்தனை தரம் சத்தியம் பண்ணியிருப்பேன்! தைப்பொங்கலுக்கு ஒரு சத்தியம், சித்திரைக்கு ஒன்று, பிறந்த நாளுக்கு ஒன்று. சாப்பிட்டவுடனே பல் தேய்த்துவிட்டால் இனிப்பு தின்னத் தோன்றாது என்று யாரோ சொன்னார்கள். தேய்த்தேன். பேஸ்ட் வாசனையோடு மைசூர்பாகு தின்றேன், அவ்வளவுதான். அரிசி டிரம்மின் அடியில் புதைத்து வைத்தால் மறந்துவிடும் என்று புதைத்தேன். முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, புதையலா?" என்று கேட்டார். ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தார்.

போன கார்த்திகையில்தான் விடுதியில் அந்த வகுப்பு ஆரம்பித்தது. சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்து வாரம் இரண்டு நாள் சாயங்காலம் எடுத்தார்கள். உள்ளுணர்வோடு சாப்பிடுவது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, காலி கிளாஸுக்குக் காத்திருக்கிற சாக்கில் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்பேன். முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இனிப்பு உங்க எதிரி இல்லைங்க. வேண்டாம் வேண்டாம்னு பூட்டி வச்சாத்தான் மனசு அதையே சுத்தி வரும்" என்றார்கள் அந்த அம்மா. எந்தச் சாப்பாட்டுக்கும் தடை இல்லையாம். சாப்பிட்டதும் இனிப்பு கேட்டால் முதலில் நின்று பார்க்க வேண்டுமாம்: இன்னும் பசியா, சாப்பாடு மனசுக்குப் பிடிக்காததாலா, வெறும் பழக்கமா, இல்லை வேறே ஏதாவது குடைகிறதா? நிஜமாகவே இனிப்புதான் வேண்டும் என்றால் தட்டில் வைத்து, உட்கார்ந்து, மெதுவாக, யாருக்கும் ஒளிக்காமல் சாப்பிட வேண்டும். முதல் வாய் எப்படி இருந்தது, நாலாவது வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ருசி குறைகிற இடத்தில் உடம்பே போதும் என்று சொல்லுமாம்.

அட, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. மறுநாள் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பெரிய பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் பகிரங்கமாக வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே ஓரகத்திக்கு வகுப்பு முழுவதையும் ஒப்பித்தேன். அவள் ஐப்பசி மழையில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள்.

"உடம்பே சொல்லுமா?" என்றாள்.

"சொல்லும். நாமதான் காது குடுக்கணும்."

சாப்பிட்டு முடித்தோம். நான் மிட்டாயைத் தட்டில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாகக் கடித்தேன். முதல் வாய் அமிர்தம். இரண்டாவதும் அமிர்தம். நாலாவது, ஏழாவது, எல்லாமே அமிர்தம்! உடம்பு வாயே திறக்கவில்லை. மூன்றாவது மிட்டாயில் நான் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஒரே ஒரு மிட்டாயில் பாதியைக் கடித்து மென்று முடித்திருந்தாள். மீதியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டாள்.

"இன்னாடி, வச்சுட்ட?"

"போதும்க்கா" என்றாள்.

அடிப்பாவி! வகுப்புக்குப் போனது நான், கால் கடுக்கச் சுவரோரம் நின்றது நான், பொட்டலம் வாங்கினது நான், முதல் நாளே பாஸானது இவளா? இத்தனைக்கும் காய்ச்சலுக்கு முன்னால் இவளும் என்னைப் போலத்தான். திருவிழாவில் பொரி உருண்டைக்கு என்னோடு மல்லுக்கு நின்றவள். நான் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு என்னையே முந்திவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு தாண்டுகிற வரைக்கும் எனக்கு மூச்சு சீராகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். எனக்கு ஒரு புத்தி வந்தது உண்மை. காலையில் வெறும் டீயோடு ஓட்டிவிட்டு மத்தியானம் அவசரமாக அள்ளிப் போட்டால் இனிப்பு வெறி அதிகமாக வருகிறது, இட்லி தின்றிருந்தால் குறைகிறது என்று கண்டுபிடித்தேன். நெத்திலிக் குழம்பு வைத்து வயிறும் மனசும் நிறைந்த நாளில் ஒரே மிட்டாயோடு எழுந்திருக்க முடிகிறது என்றும் தெரிந்தது. வகுப்பு அம்மாவிடம் சொன்னால் கை தட்டியிருப்பார்கள். ஆனால் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் அவள் அந்தப் பாதியைச் சுருட்டுவாள். அந்தக் காகிதச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு இன்னொன்று வேண்டும். தின்பேன். பசி இல்லை, பழக்கம் இல்லை, சாப்பாட்டில் குறை இல்லை. அந்த அம்மா நாலாவதாகச் சொன்னது இருக்கிறதே, வேறே ஏதோ குடைகிறது என்று, அதுதான். அது எது என்று எனக்கு நன்றாகவே தெரியும். சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

அவள் குளிக்கப் போகிற நேரத்தில் அவள் வீட்டில் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். பாதிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு பாதியை வைத்துவிட்டு மறந்தே போகிறாளே, மறுநாள் புதிசாக ஒன்றை எடுக்கிறாளே என்று அதிசயப்படுவேன். இனிப்பை மறக்க முடிகிற ஒரு பிறவி உலகத்தில் உண்டா? என் வீட்டுக்காரர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார். "அவளப் பாரு, பாதியோட நிறுத்திக்கிறா. நீ வகுப்பு வகுப்புன்னு குண்டாயிட்டு வர்ற" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் பெருங்காயம் போடவில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அவள் சமையல்தான். அந்த நாட்களில் அவள் பொரியலில் ஒரு நாள் உப்பு தூக்கலாக இருக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. "உப்பளத்துக்காரி வூட்ல உப்புக்குப் பஞ்சமாடி?" என்று குத்திக் காட்டுவேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும்.

ஏனென்றால் அவள் பெருமையெல்லாம் அவள் நாக்கில்தான் இருந்தது. அளத்தில் உப்புத் தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக மாறி, வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டு, கடைசியில் உப்பு விளைகிற பாத்திக்கு வரவேண்டும். முன்னாடியே விட்டால் உப்பு கட்டாது, நாள் கடத்தினால் கசப்பு ஏறிவிடும். கெட்டியை அளக்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. ஆனால் மேஸ்திரிக்குக் கண்ணாடியைவிட இவள் நாக்கின்மேல்தான் நம்பிக்கை. விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைப்பாள். "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பாள், கிடக்கும். "திறந்து வுடுங்க" என்பாள், திறப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்தபோது பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதிருந்து தண்ணீர் பார்க்கிற வேலையை மட்டும் கொடுத்து மேஸ்திரி அவளை வைத்திருந்தார். மற்ற பொம்பளைகள் தலையில் உப்பு நிறைந்த பாண்டுச் சட்டி சுமக்கிற அளத்தில், இவள் மட்டும் விரலை நனைத்துக்கொண்டு வரப்பில் நடப்பாள். சாதாரணப் பாக்கியமா அது? அந்த நாக்கு இல்லாவிட்டால் அவள் மறுபடி பாண்டு தூக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும்.

மாசி பிறந்ததும் எங்கள் அளத்தில் முதல் உப்பு வாருவார்கள். அன்றைக்கு வரப்பிலேயே அடுப்பு மூட்டிச் சக்கரைப் பொங்கல் வைப்பது பழக்கம். பொங்கல் வெந்து இறக்கினதும் அந்த வருஷம் அளத்தில் இறங்குகிற பொம்பளைகள் எல்லாரும் வரிசையாக வந்து, புது உப்பில் ஆளுக்கு ஒரே ஒரு கல்லைப் பானையில் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் படையல். படைத்த பிறகு தண்ணீர் பார்க்கிறவள் முதல் வாய் தின்று "நல்லாருக்குது" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்கிற வரைக்கும் பொங்கல் வைத்தவள்கூட ருசி பார்க்கக் கூடாது. வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற அம்மாவுக்கு இந்தத் தடவை கால் வீக்கம். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய், "நான் வைக்கிறேன் மேஸ்திரி. ஓட்டல் சமையல் கை" என்றேன். எனக்கும் ஒரு நாள் நாலு பேர் முன்னால் பேர் வேண்டாமா?

வைத்தேன். நெய்யைத் தாராளமாக விட்டேன். வெல்லப் பாகு காய்ச்சும்போது கண் மட்டும் வரப்பின் அந்தப் பக்கம் இருந்தது. அங்கே மேஸ்திரி அவளிடம் ஏதோ கேட்க, அவள் பதில் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விடுதியில் எந்த இனிப்பு செய்தாலும் பாகில் உப்பு போடுவது பழக்கம், போட்டால்தான் தித்திப்பு எடுத்துக்கொடுக்கும். பக்கத்தில் புது உப்பு குவிந்திருந்தது. கை தன்பாட்டுக்கு அள்ளிப் பாகில் போட்டது. எவ்வளவு அள்ளினேன் என்று நான் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் இருபத்தைந்து பொம்பளைகள் வந்து, ஆளுக்கு ஒரு கல். எங்கள் அளத்தில் முதல் வாரலில் கல் ஒவ்வொன்றும் சோளம் அளவு இருக்கும்.

எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு தொன்னையில் பொங்கலை எடுத்து வைத்து, படைத்து முடிந்ததும் அவளிடம் கொடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவள் வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்குது. தித்திப்பு சரியா இருக்குது" என்றாள்.

என் காதில் தேன் பாய்ந்தது. எல்லாருக்கும் வாரி வாரி வைத்தேன். முதலில் மேஸ்திரிதான் வாயில் போட்டார். போட்ட வேகத்தில் வரப்புக்கு அந்தப் பக்கம் துப்பினார். அதற்குப் பிறகு வரிசையாக ஒரே துப்பல். "கருவாட்டுப் பொங்கலா இது?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓட்டல் கையாம்ல!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மாட்டுக்கு வைக்க முடியாது அதை.

மேஸ்திரி சிரிக்கவில்லை. என் ஓரகத்தியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதையா நல்லாருக்குன்னு சொன்ன? உன் நாக்குக்கு இன்னா ஆச்சு?" அவள் கையிலிருந்த தொன்னையைக் குனிந்து பார்த்தாள். "சனிக்கிழம காலையில ரெண்டு மக்குல தண்ணி வைக்கிறேன். எது எந்தப் பாத்தித் தண்ணின்னு சொல்லு. சொல்லிட்டு அப்பறம் வேலையப் பாரு" என்றார்.

எனக்கு அப்போது அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடியது. வேண்டுமென்றே சொல்லியிருக்கிறாள்! உப்பு என்று தெரிந்தே நல்லாருக்குது என்று சொல்லி, என்னை ஊர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாள். உப்புக் குறையைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன் அல்லவா, அதற்குப் பழி வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. மத்தியானம் என் தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. அவள் வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். காகிதம் சுருட்டுகிற சத்தம் மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

வெள்ளிக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அவள் குளிக்கப் போனதும் அவள் வீட்டுக்குள் நுழைந்து டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டினேன். உன் பெருமையை இன்றைக்கு ஒழிக்கிறேன் பார் என்று ஒவ்வொரு பாதியாகப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தேன். சில பாதிகள் நமுத்துப் போயிருந்தன, சிலதில் எறும்பு. தின்றேன். ருசிக்கா தின்றேன்? கோபத்துக்குத் தின்றேன். பத்தோ பன்னிரண்டோ ஆகியிருக்கும். நிழல் விழுந்தது. ஈரத்தலையோடு அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

திருடி மாட்டிக்கொண்டேன். வாய் நிறையக் கடலை. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"துன்னுக்கா. எல்லாத்தையும் துன்னு" என்றாள். "எனக்கு அது மண்ணு மாதிரி இருக்குது."

"இன்னாடி சொல்ற?"

"காச்சலுக்கு அப்பறம் ஒண்ணும் தெரியலக்கா. உப்பும் தெரியல, உறப்பும் தெரியல, தித்திப்பும் தெரியல. தெனம் ஒண்ணு எடுப்பேன். இன்னிக்குத் தெரியும், இன்னிக்குத் தெரியும்னு கடிப்பேன். பாதி வரைக்கும் பாப்பேன். தெரியலன்னா வச்சுருவேன். முழுசா துன்னு பாத்தும் தெரியலன்னா அழுவையா வருது."

வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இத்தனை மாதமாக நான் வயிறு எரிந்து எரிந்து பார்த்த அடக்கம் இதுதானா?

"அளத்துல எப்பிடிடி சமாளிச்ச?"

"மேஸ்திரி டீ குடிக்கப் போறப்போ கண்ணாடிக் கொழாய வுட்டுப் பாத்துக்குவேன். அப்பறம் வெரல நாக்குல வச்சு நடிப்பேன். நாளைக்கு அவர் எதுருல ரெண்டு மக்கு வைப்பாரு. கொழாய எங்கேருந்து எடுக்க?" என்றாள். புடவைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "பாண்டு தூக்கச் சொன்னா தூக்கிடுவேன்க்கா. தையல் பிரிஞ்சா பிரியட்டும்."

"யாருகிட்டயும் சொல்லலையாடி?"

"உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ஆனா தெனம் நீ அந்த மிட்டாய கண்ண மூடிக்கிட்டு துன்னுவியே, அப்போ உன் மூஞ்சியப் பாப்பேன். எனக்கு வயிறு எரியும்க்கா. இவளுக்கு மட்டும் எல்லாம் தெரியுதேன்னு எரியும். அதான் சொல்லல."

என்னைப் பார்த்து! பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து ஒரு ஆள் பொறாமைப்பட்டதில்லை. எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் நான் எதை நினைத்து வெட்கப்பட்டு அரிசி டிரம்முக்குள் கை விட்டேனோ, அந்தப் பெருந்தீனியைப் பார்த்து. தரையில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே அழுதேன். அவளும் அழுதாள். அன்றைக்கு இரண்டு மணி பஸ் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் நானும் அளத்துக்குப் போனேன். கொட்டகை நிழலில் இரண்டு பிளாஸ்டிக் மக்கு தயாராக இருந்தது. வேடிக்கை பார்க்கப் பொம்பளைகளும் கூடியிருந்தார்கள். இவள் முகம் செத்துப்போயிருந்தது. மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன்.

"மேஸ்திரி, அன்னிக்கு இவ துன்னது நீங்க துன்ன பொங்கல் இல்லீங்க."

"பின்ன?"

"படையல் லேட்டாவும்னு, கல்லு போடறதுக்கு முன்னாடியே இவளுக்கு ஒரு தொன்னை தனியா எடுத்து வச்சுட்டேன். அப்பறம்தான் ஓட்டல் பழக்கத்துல நானும் ஒரு கை உப்ப அள்ளிப் போட்டேன், இவங்களும் போட்டாங்க. இவ துன்னதுல உப்பே கிடையாது. இவ நாக்கு மேல தப்பு இல்ல. தப்பு எல்லாம் என் மேலதான்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. உப்புப் பொங்கல் வைத்தது ஒரு தப்பு என்றால், படைப்பதற்கு முன்னால் எச்சில் பங்கு மாதிரித் தனியாக எடுத்து வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. நான் அப்படிச் செய்யவே இல்லை, ஆனாலும் அவர்கள் பார்த்த பார்வையில் உடம்பு கூசியது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வருசத்து மொதப் பொங்கல இப்பிடிப் பண்ணிட்டியேம்மா. இன்னாத்துக்கு வாயத் தொறந்துக்கினு வந்த, உனக்கு இன்னா தெரியும்னு? இனிமே அடுப்புப் பக்கம் வராத" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ போ, போயி மூணாம் பாத்தியப் பாரு" என்றார். மக்கில் இருந்த தண்ணீரை வரப்பில் ஊற்றினார்.

நாலு பேர் முன்னால் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு வேலையும் அப்படிப் போயிற்று. இனி எந்த வருஷமும் அந்த அடுப்பு எனக்கு இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அவள்மேல் பொறாமை இல்லாமல் இல்லை. நாக்கே இல்லாமல் அவள் வரப்பில் நடக்கிறாள், நல்ல நாக்கை வைத்துக்கொண்டு நான் தலை குனிந்து வருகிறேன் என்று தோன்றத்தான் தோன்றியது. பொய் சொன்னதற்காக வருத்தப்படவில்லை, அது வேறு.

அன்று மத்தியானம் மறுபடி சேர்ந்து உட்கார்ந்தோம். சாப்பிட்டதும் அவள் ஒரு மிட்டாயை எடுத்துப் பாதி கடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"தெரியுதா?"

"இல்லக்கா."

மீதிப் பாதியை என் தட்டில் வைத்தாள். "நீ துன்னு. எப்பிடி இருக்குதுன்னு சொல்லு."

சொல்வது அவ்வளவு லேசாக இல்லை. முதலில் வெல்லம், அது நாக்கின் நுனியில். பிறகு கடலை, அதில் லேசாக வறுத்த வாசனை. நடுவில் ஏலக்காய் ஒரு துணுக்கு. கடைசியில் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்கிற பாகு. ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தபோது பாதி தீர்ந்திருந்தது. டப்பா பக்கத்திலேயே இருந்தது, கை போகவில்லை. எழுந்து பாத்திரம் கழுவும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. டப்பாவில் எதுவும் சேரவில்லை. ஒளித்து வைக்கத் தோன்றவில்லை, சத்தியம் பண்ணத் தோன்றவில்லை. வகுப்பு முடிந்து அந்த அம்மா சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இது எங்கள் இரண்டு பேர் சமாச்சாரம்.

சித்திரையில் ஒரு மத்தியானம். மத்திக் குழம்பு. அவள் வழக்கம்போல மிட்டாயைக் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

"தெரியுதா?" என்றேன்.

இன்னொரு கடி கடித்தாள். எனக்கு வைக்க வேண்டிய பாதியைக் கடித்தாள். அதையும் முழுசாக வாய்க்குள் தள்ளினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எனக்கு ஒரு துண்டு நீட்டவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக எரிந்தது. என் பாதி அது! இரண்டு மாதமாக என் தட்டில் விழுந்த பாதி. இனி அவளுக்கு என் வாய் எதற்கு, என் முகம் எதற்கு?

"எனக்கு எங்கடி, பெருந்தீனிக்காரி?" என்று கத்தினேன்.

அவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள். பாகு ஒட்டின கையால் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இன்னிக்கு நீ என் மூஞ்சியப் பாருக்கா" என்றாள்.

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆறாவது மிட்டாயைக் கடித்தாள்.